றோசமலர் வாசலில் திருக்கை வால்

இத்தாலியின் சிசிலித் தீவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கைகளில் நம்முடைய சனம் குடியேறத் தொடங்கிய காலத்தில், றோசமலர் வீடு எது என்று கேட்டால் தெரியாது என்று சொன்னவர் கிடையாது. புதிதாக வந்து இறங்கியவருக்கு வேலை வேண்டுமா, றோசமலரிடம் போகச் சொல்வார்கள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பெர்மேசோ என்கிற வதிவிட அனுமதிக்கு எந்தக் கதவடியில் நிற்க வேண்டும், எந்த அதிகாரி சிரிப்பான், எவன் எரிந்து விழுவான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் வீட்டு வாசற்படியை மிதித்த ஒருவரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் பெரிது. அவள் மூன்றாம் மாடியில் சிரித்தால் கீழே மீன்கடைக்காரன் நிமிர்ந்து பார்ப்பான்.

நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மன்னார் பேசாலையில் பிறந்தவள் அவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே படகேறியபோது அவளும் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, எப்படியெப்படியோ கொழும்புக்குத் திரும்பி, அங்கிருந்து இத்தாலிக்கு வந்து சேர்ந்தாள். கணவன் கிறிகோரி முன்னமே வந்து, வியா மக்வேதாத் தெருவை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவன் அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது ஒரு கிழட்டுச் சின்யோராவின், இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில். வந்த புதிதில் ஒரு நாள் சின்யோரா கூடை நிறைய ஆர்ட்டிச்சோக் காய்களைக் கொடுத்துத் துப்புரவாக்கச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டாள். அப்படியொரு முள்ளுக் காயை றோசமலர் பிறந்ததற்குக் கண்டதில்லை. இதழ்களை எல்லாம் கழுவிச் சட்டியில் போட்டாள். நடுவில் இருந்த மெத்தென்ற குருத்தை, வேண்டாத சாமான் என்று குப்பையில் போட்டாள். மேல்வீட்டுக் குசினி ஜன்னலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த பிலிப்பைன்காரி ஒருத்தி தலையில் கையை வைத்துக்கொண்டு, வேலைக்காரர் படிக்கட்டால் விழுந்தடித்து ஓடி வந்தாள். குப்பைக்குள் கையை விட்டுக் குருத்துகளைப் பொறுக்கி, எலுமிச்சம்பழத் தண்ணீரில் போட்டு, இதழ்களைத் தூக்கி எறிந்து, சின்யோரா திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டு மேலே போய்விட்டாள். அவள்தான் நெனித்தா.

நாற்பதை நெருங்கிய, கல்யாணம் ஆகாத, கட்டையான பெண். படி ஏறினால் மூச்சு வாங்கும். சட்டை மடிப்புக் கலையாமல் அழுத்துவதையும், பளிங்குத் தரையில் கோடு விழாமல் துடைப்பதையும், சின்யோராக்களின் கோபத்தை இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விடுவதையும் றோசமலருக்கு அவள்தான் படிப்பித்தாள். இரண்டு பேரும் இத்தாலியனில்தான் கதைத்தார்கள். அது என்ன இத்தாலியன் என்று இத்தாலியர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இவர்களுக்குள் ஒரு சொல்லும் விளங்காமல் போனதில்லை.

றோசமலருக்கு முதற்பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அப்போதும் நெனித்தாதான் கூட நின்றாள். இரண்டாவது கலைந்தது சின்யோராவின் குளியலறையில். நெனித்தா கீழே வந்து அவளைத் தூக்கி நிறுத்தி, தன்னுடைய பாவாடையைச் சுற்றிவிட்டு, தரையில் இருந்த இரத்தத்தை ஒரு பொட்டும் இல்லாமல் துடைத்து, குழாய் வெடித்துவிட்டது என்று சின்யோராவுக்குப் பொய் சொல்லி, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அன்று பின்னேரம் கிறிகோரி வந்து சேரும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து றோசமலரின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவள் என்றாலும் இதற்குமேல் என்ன செய்திருப்பாள்?

வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு. கோயில் மண்டபத்தில் பிலிப்பைன் பெண்கள் கூடுவார்கள். நம்மவர்களும் ஒரு பக்கத்தில் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு சட்டி கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். நெனித்தா கொண்டுவரும் நூடில்ஸ் தட்டு மட்டும் தொடப்படாமல் அப்படியே திரும்பிப் போவதை றோசமலர் பல தடவை கவனித்தாள். ருசியில் ஒரு குறையும் இல்லை. அவளே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். மனதில் ஒன்று வந்தால் வைத்திருக்கத் தெரியாதவள், ஒரு நாள் நேரே கேட்டுவிட்டாள்.

"ஏன் உன்ரை ஆக்கள் நீ சமைச்சதைத் தொடுறேல்லை?"

நெனித்தா சிரித்தாள். "நான் காப்பிஸ் ஊர். காப்பிஸ் எண்டால் அஸ்வாங் இருக்கிற ஊர் எண்டு எங்கடை நாடு முழுக்கச் சொல்லும். நான் தனி ஆள், புருசன் இல்லை. போதாதோ?"

அஸ்வாங் என்றால் என்ன என்று கேட்டதற்கு அவள் ஆறுதலாக விளக்கினாள். பகலில் அது ஒரு பெண். கடைக்குப் போகும், கோயிலுக்குப் போகும், உன்னைப் போலவும் என்னைப் போலவும் இருக்கும். இருட்டினால் நாயாகும், பன்றியாகும், பறவையாகும். சிலது இடுப்போடு பிரிந்து மேல்பாதி மட்டும் பறக்கும். பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கும் வீட்டுக் கூரையில் குந்திக்கொண்டு, நூல் மாதிரி நாக்கை உள்ளே இறக்கி வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் குடித்துவிடும். தொட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டால் சாப்பிட்டவளும் அஸ்வாங் ஆகிவிடுவாள்.

றோசமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உனக்கு உன்ரை சின்யோரா வீட்டுப் படி ஏறவே ஏலாமல் மூச்சு வாங்குது. நீ பறக்கிறியோ?"

நெனித்தாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சை வந்தும் விடுகினமில்லை, றோசா," என்றாள். "பிள்ளை பெத்தவளின்ரை வீட்டுக்கு என்னை ஒருத்தியும் கூப்பிடுறேல்லை."

றோசமலருக்கு அப்போது மூன்றாவது தரமாக நாள் தள்ளிப் போயிருந்தது. கணவனைத் தவிர வேறு யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அன்று நெனித்தாவுக்குச் சொன்னாள். நெனித்தா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அத்தனை வருடத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"பிள்ளையின்ரை ஞானஸ்நானத்திலை நான் ஞானத்தாய். எல்லாரும் பாக்க, தாய் தானாப் பிள்ளையை என்ரை கையிலை தரவேணும். அதுக்குப் பிறகு அவையின்ரை வாய் மூடும்."

"உன்னை விட்டால் வேறை ஆர்?" என்றாள் றோசமலர். வயிற்றில் கை வைத்துச் சத்தியமும் பண்ணினாள். அந்த நேரத்தில் அதை முழு மனதோடுதான் சொன்னாள்.

அடுத்த கிழமை நெனித்தாவின் சின்யோரா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, திராப்பானியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. நெனித்தாவும் கூடப் போனாள். மாதக்கணக்கில் அங்கேயே இருந்தாள். இடையிடையே டெலிபோன் எடுத்து, என்ன சாப்பிட்டாய், கால் வீங்குகிறதா என்று கேட்பாள். தொண்ணூற்றேழு மாசியில் றோசமலருக்குப் பெண் பிள்ளை பிறந்தது. யூலியானா என்று பெயர் வைத்தார்கள். கிறிகோரி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்கை முழுக்க நின்று நின்று பேசினான்.

பிள்ளையைக் குளிக்கவார்க்கக் கீழ்வீட்டுக் கிளறா வருவாள். றோசமலரைவிட மூத்தவள், நல்ல கைப்பக்குவம், ஊர்க்கதை அவளைக் கேட்டுத்தான் நடக்கும். பிள்ளை குடித்த பாலை எல்லாம் கக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில் கதை ஞானத்தாயில் வந்து நின்றது.

"உனக்கென்ன பைத்தியமோ பிள்ளை? அந்தக் காப்பிஸ்காறியின்ரை கையிலையோ குடுக்கப்போறாய்? அவளின்ரை சொந்தச் சனமே அவளை அண்டுறேல்லை."

"எனக்குத் தெரியும் அக்கா. அவளே சொன்னவள். அது விசர்க்கதை."

"விசர்க்கதையோ? சரி. முந்தி ரண்டு தரம் உனக்குப் போகேக்கை ஆர் பக்கத்திலை நிண்டது?"

றோசமலர் பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"இந்த முறை அவள் எங்கை? திராப்பானியிலை. பிள்ளை தங்கிச்சுது. நான் ஒண்டும் சொல்லேல்லை. நீயே யோசி."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிப்போட்டுப் போனாள். இப்படிப்பட்டவர்களுக்குப் பேயும் தேவையில்லை, பிசாசும் தேவையில்லை.

றோசமலர் யோசித்தாள். இரத்தத்தை ஒரு பொட்டும் விடாமல் துடைத்தாளே, அது ஏன்? துடைத்த துணியை என்ன செய்தாள்? காலை ஏன் அவ்வளவு நேரம் தடவினாள்? நன்றி சொன்ன ஒவ்வொன்றும் இப்போது வேறு முகம் காட்டியது. சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே ஏசுவாள். பிள்ளை திரும்பவும் பாலைக் கக்கும். திரும்பவும் நினைப்பாள்.

மறுநாள் கிளறா இன்னொரு செய்தி கொண்டுவந்தாள். அஸ்வாங்குக்குப் பிலிப்பைன் சனம் வாசலில் தொங்கவிடுவது திருக்கை வாலாம். அதைக் கண்டால் அது கிட்ட வராதாம்.

அந்த இடத்தில்தான் றோசமலர் விழுந்தாள். பேசாலையில் அவள் தகப்பனும் திருக்கை வாலைக் காயவைத்துக் கூரையில் செருகி வைத்திருந்தார், பேய் அண்டாது என்று. எங்கோ கிடக்கிற பிலிப்பைனில் இருப்பவனுக்கும் மன்னார்க் கடலில் வலை வீசுகிறவனுக்கும் யார் இதைச் சொல்லிக் கொடுத்தது? இரண்டு கரையிலும் ஒரே வால் என்றால், விரட்டப்படுவதும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? நெனித்தா வாயால் கேட்டபோது சிரித்த கதை, தன் தகப்பனின் கூரை ஞாபகம் வந்ததும் உண்மையாகிவிட்டது.

கிறிகோரி பல்லரோவில் திருக்கை கேட்டான். அங்கே தோல் உரித்து, வாலை வெட்டி எறிந்துவிட்டுத்தான் விற்பார்கள். வால் மட்டும் வேண்டும் என்றதும் மீன்காரன் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சும்மா எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்தான். றோசமலர் உப்புத் தடவி பல்கனியில் காயப்போட்டாள். நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டுச் சிசிலிக்காரி ஜன்னலைத் திறந்து, யார் செத்தது என்று கத்தினாள். காய்ந்து முறுகியதும் கிறிகோரி வாசல் நிலைக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டான்.

"கோயிலிலை ஞானத்தாய்க்குக் கிளறா அக்காவின்ரை பேரைக் குடுத்திட்டன்," என்றான், சுத்தியலைக் கீழே வைத்துக்கொண்டு. "நெனித்தாவுக்கு நீர் சொல்லும்."

"ஓம், சொல்லுறன்," என்றாள் அவள்.

அன்று சொல்லவில்லை. டெலிபோனை எடுத்து, இலக்கம் சுழற்றி, மணி அடிக்க முன்னமே வைத்துவிட்டாள். மற்ற நாட்களிலும் சொல்லவில்லை. பெரிய வாய்க்காரி என்று பெயரெடுத்தவளுக்கு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்திய வியாழக்கிழமை கதவு தட்டப்பட்டது. திறந்தால் நெனித்தா. திராப்பானியில் இருந்து அன்றுதான் வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது, கையில் ஒரு பெட்டி. பிள்ளைக்கு ஞானத்தாய் கொடுக்கும் வெள்ளைச் சட்டை. லேசு வைத்து, அத்தனை மாதமும் சின்யோராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தன் கையால் தைத்தது.

சிரித்த முகம் நிமிர்ந்தது. நிலைக்கு மேலே தொங்கியதைக் கண்டது.

றோசமலரின் முகத்தில் ஈயாடவில்லை. "அது... சும்மா," என்றாள். "கிறிகோரி. எங்கடை ஊர்ப் பழக்கம். கண்ணூறுக்கு."

நெனித்தா பெட்டியை ஒரு கைக்கு மாற்றி, கால் விரலில் எழும்பி, மற்றக் கையால் அந்த வாலை எட்டிப் பிடித்தாள். நுனியில் இருந்து அடிவரை தடவினாள். அவள் எரிந்து போகவில்லை, அலறவில்லை, நாயாகவும் பன்றியாகவும் மாறவில்லை. "நல்லாக் காஞ்சிருக்கு," என்றாள். பிறகு உள்ளே வந்து கதிரையில் இருந்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் பார்த்தாயிற்று, இனி என்ன? ஆனால் பயம் பிடித்த மனதுக்கு அத்தாட்சி காட்டி ஆவதில்லை. இது சரியான திருக்கைதானோ, அந்த மீன்காரன் வேறு எதையாவது தந்து ஏமாற்றிவிட்டானோ என்றுதான் றோசமலர் அந்த நிமிடத்தில் யோசித்தாள். "பிள்ளை இப்பதான் கண்ணயர்ந்தது, எழுப்பக் கூடாது," என்றாள். உள்ளறையில் பிள்ளை முழித்துக் கிடந்து தனக்குத்தானே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் கேட்டது.

நெனித்தா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எழும்பிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "ஞாயிறு வாறன்," என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். றோசமலர், "ஓம், வா," என்றாள். அவளைத் தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு கோப்பை தேத்தண்ணியும் கொடுக்காமல் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் பிலிப்பைன் பெண்கள் கலையவில்லை. நெனித்தா ஞானத்தாய் ஆகப்போகிற செய்தி அவர்களுக்கும் போயிருந்தது. பின்வரிசை வாங்குகளில் நெருங்கி இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெனித்தா மயிரை இழுத்துக் கட்டி, நீலச் சட்டை போட்டு, முன்வரிசை வாங்கில் தனியாக இருந்தாள். பிள்ளை அவள் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தது. வேறு சட்டை வாங்க நேரம் இருந்தது, றோசமலர் வாங்கவில்லை. அதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். எது பெரிய அநியாயம் என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஞானத்தாய் யார், முன்னுக்கு வரச் சொல்லுங்கள் என்று சுவாமி கூப்பிட்டார். நெனித்தா எழும்பி ஞானஸ்நானத் தொட்டியடிக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினாள். றோசமலர் பிள்ளையைக் கிளறாவிடம் கொடுத்தாள்.

பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. நெனித்தாவின் கைகள் நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அந்தக் கைகள் பக்கத்தில் இருந்த பூச்சாடிக்குப் போய், அதில் சரிந்து நின்ற ஒரு பூவை நிமிர்த்தி வைத்தன. அதற்காகத்தான் எழும்பி வந்தவள் போல ஒரு முறை பார்த்துவிட்டு, திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். பூசைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். கிளறா பிள்ளையை ஏந்திக்கொண்டு சத்தமாகச் செபம் சொன்னாள். சுவாமி தண்ணீர் ஊற்றினார். றோசமலருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. காது மடல் எரிந்தது. தரை வெடித்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது.

வெளியே படிக்கட்டில் படம் எடுத்தார்கள். கட்லெட்டும் ரோல்ஸும் கைமாறின. பிலிப்பைன் பெண்கள் கூட்டமாக நின்று நெனித்தாவைப் பார்த்தார்கள், பிறகு றோசமலரைப் பார்த்தார்கள். ஒருத்தி தலையாட்டிக்கொண்டாள். எங்கள் ஊர்ச் சனம் அல்லாத இவளுக்கே தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல். இதுவரை அவர்கள் வாயில் கதையாகக் கிடந்ததற்கு, எல்லோரும் பார்க்கச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது தான்தான் என்பது றோசமலருக்கு அப்போதுதான் உறைத்தது.

நெனித்தா ஒருவரோடும் பேசாமல் படியிறங்கிக்கொண்டிருந்தாள். றோசமலர் கிளறாவின் கையில் இருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கிளறா, "பிள்ளை, நில்லு!" என்று கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நெனித்தா! இந்தா, தூக்கு. தூக்கு, எல்லாரும் பாக்கட்டும். நான் செய்தது பிழை. எனக்கு வெக்கமாக் கிடக்கு. இந்தா, பிடி." அழுதுகொண்டே பிள்ளையை அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

நெனித்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவள் அதைக் கிட்டப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் பார்த்தாள். கண் நிறைந்தது.

"வேண்டாம், றோசா," என்றாள். "இப்ப நான் தூக்கி, இரவைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நீ என்ன நினைப்பாய்?"

ஒன்றும் நினைக்கமாட்டேன் என்று சொல்ல றோசமலர் வாயெடுத்தாள். சொல் வரவில்லை. நெனித்தா அதற்காகக் காத்து நின்றாள், கொஞ்ச நேரம் அல்ல, நல்ல நேரம் நின்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனாள். அந்த வருடமே திராப்பானிக்கு ஒரேயடியாகப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

றோசமலர் படியிலேயே நின்றாள். ஊரெல்லாம் பார்க்க அழுதாள். நல்லவள், நன்றி மறக்காதவள், பார் எப்படி அழுகிறாள் என்று பக்கத்தில் யாரோ சொன்னது அவளுக்குக் கேட்டது. நெனித்தா வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில் தன் நெஞ்சுக்குள் அப்பாடா என்று ஒன்று ஆறியதும், நீட்டிய கைகள் தன்னைக் கேட்காமலே பிள்ளையை இறுக்கித் திரும்ப இழுத்துக்கொண்டதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். நெனித்தாவும் அதைக் கண்டிருந்தாள்.